நொறுங்கின காருக்கு எங்கள் தெரு வைத்த விலை

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது என் மனைவி. நான் பக்கத்தில் உட்காருவேன். இதைச் சொன்னால் சிலர் என் முகத்தைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். எனக்கு ஓட்டத் தெரியாது.

ஆரணியில் பட்டு நெசவு எங்களுக்கு. வீட்டில் இரண்டு தறி. அது போக சந்தவாசல் பக்கம் நாலைந்து குடும்பங்களுக்குப் பாவும் பட்டும் ஜரிகையும் கொண்டுபோய்க் கொடுப்போம். நெய்த சேலையை வாங்கி வருவோம். பாவு என்பது சேலையின் நீளவாட்டு இழை மொத்தமும் சேர்ந்தது. அதை நசுக்கக் கூடாது, நனைக்கக் கூடாது, அதன் மேல் யாரும் உட்காரக் கூடாது. பஸ்ஸில் இந்த மூன்றும் நடக்கும்.

ஒரு மழை நாளில் என் மனைவி பாவை ஒரு கைக்குழந்தை மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே வந்தாள். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, "நான் கார் ஓட்டக் கத்துக்கப் போறேன்" என்றாள். அப்போது அவளுக்கு நாற்பத்தைந்துக்கு மேல். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது.

கற்றுக்கொண்டாள். வேலூரில் ஒரு பழைய கார் பார்த்து வாங்கினோம். வெள்ளை நிறம். பின் சீட்டை மடக்கிவிட்டால் பாவு காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். அந்தக் காரில் மூன்றாவது கியர் மட்டும் சொன்ன பேச்சு கேட்காது. ஒரு தினுசாக இழுத்து, கொஞ்சம் விட்டு, பிறகு தள்ள வேண்டும். அந்தத் தினுசு அவள் கைக்கு மட்டும் தெரியும். மெக்கானிக் சரி செய்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டாள். சென்னையில் மருமகன் தன் புதுக் காரை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஏறினாள், உட்கார்ந்தாள், இறங்கிவிட்டாள். "இது யார் சொன்னாலும் கேக்குது. எனக்கு சரிப்படாது" என்றாள்.

அந்தக் கார் போனால் அவள் ஓட்டுவதும் போகும். எனக்கு அது தெரியும். அவளுக்கும் தெரியும்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது எங்களுக்குள் ஒரு பேச்சு வந்தது. நாம் யார் மேலாவது மோதினால் அவர்களுக்குப் பணம் கொடுக்கிற இன்சூரன்ஸ் போதும், அதுதான் மலிவு என்றேன். "அப்ப என் வண்டிக்கு ஏதாச்சும் ஆனா?" என்றாள். முழு இன்சூரன்ஸ் எடுத்தாள். வருஷா வருஷம் கட்டும்போது நான் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வேன்.

போன வருஷம் ஆடி மாதம். காற்றுக் காலம். சந்தவாசலில் பாவைக் கொடுத்துவிட்டு இரண்டு சேலையோடு திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஒரு கொய்யாப்பழக் கூடையைப் பார்த்து நிறுத்தினாள். பழக்காரி இருந்தது ரோட்டின் இந்தப் பக்கம். வண்டியை நிறுத்தியது அந்தப் பக்கம், புளியமரத்தடியில். நிழல் என்று நிறுத்தினாள். நானும் இறங்கினேன். எதற்கு இறங்கினேன் என்பது எழுத வேண்டியதில்லை.

நான் வேலியோரம் நிற்கும்போது பின்னால் பெரிய சத்தம். திரும்பினால் காரின் மேல் புளியங்கிளை. கிளை என்று சொல்கிறேன், அது ஒரு சின்ன மரம். நான் உட்காருகிற இடது பக்கம்தான் நேராக விழுந்திருந்தது. கூரை சீட்டு வரைக்கும் இறங்கிவிட்டது. முன் கண்ணாடி இல்லை.

அவள் கொய்யாவோடு ஓடி வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சேலை?" என்றாள்.

பின்னால் எட்டிப் பார்த்தேன். "நல்லா இருக்கு."

அதற்குப் பிறகுதான் வண்டியைப் பார்த்தாள். பானெட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பழக்காரி பின்னாலேயே வந்து, "நீ ஒண்ணும் கவலைப்படாதம்மா, ஆளுக்கு ஒண்ணும் ஆவல பாரு" என்று சொல்லிவிட்டுப் பழத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு போனாள்.

கிரேன் வண்டி வைத்து ஆரணி கொண்டு வந்தோம். கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் பார்த்து ரிப்பேர் செலவு எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காசுக்கு அதே மாதிரி இன்னொரு கார் வாங்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் அங்கேயே வந்து படம் எடுத்தார். சின்ன வயசு. வேலூர்க்காரர். மரியாதையான ஆள். எங்களை ஸ்டூலில் உட்கார வைத்து விளக்கினார்.

"அம்மா, உங்க பாலிசியில வண்டிக்குன்னு ஒரு தொகை போட்டிருக்கு. ரிப்பேர் செலவு அதுல முக்கால் பங்குக்கு மேல போயிட்டா, வண்டி முழுசா போச்சுன்னு கணக்கு. இப்ப ரெண்டு வழி இருக்கு. வண்டியையும் பேப்பரையும் எங்ககிட்ட குடுத்துட்டா முழுத் தொகை. இல்ல, வண்டி உங்களுக்கே வேணும்னா, இப்ப கெடக்குற நிலைமையில அது என்னா விலைக்குப் போகுமோ அதைக் கழிச்சிட்டு மீதி தருவோம்."

"அது என்னா விலைக்குப் போகும்னு யார் சொல்றது?" என்றாள்.

"பழைய வண்டி எடுக்கறவங்க ரெண்டு மூணு பேர்கிட்ட எழுதி வாங்குவோம். யார் அதிகமா கேக்கறாங்களோ, அதுதான் விலை."

"வண்டி எனக்கு வேணும்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

வெளியே டிங்கர் வேலைக்காரர் ஒருவரிடம் கேட்டோம். நொறுங்கினதைத் தட்டி நிமிர்த்துகிறவர். பழைய பாகங்களைப் போட்டுச் செய்தால் கம்பெனி சொன்னதில் பாதிக்கும் கீழே முடித்துத் தருகிறேன் என்றார். காயலான் கடைக்காரர் வந்து பார்த்து முப்பதாயிரம் என்று எழுதிக் கொடுத்துப் போனார். முப்பது கழிந்தால் மீதியில் கார் எழுந்து நிற்கும். அவள் அன்றைக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இட்லி ஊற்றினாள்.

ஒர்க்‌ஷாப்பில் விட்டால் தினம் வாடகை கேட்பார்கள். அதனால் காரை எங்கள் தெருவுக்கே இழுத்து வந்து வீட்டு வாசலில் போட்டிருந்தோம். சர்வேயர் ஒரு நாள் அங்கே வந்தார். கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டுக் கணக்கை முடிக்க. அங்கேதான் வினை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் வியாபாரி ஒரு வீட்டில் உட்கார்ந்து சேலை பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரர் சும்மா வருகிற மாதிரி வருவார். சேலையைத் தொட்டுப் பார்ப்பார். "இதுவா? நான் போன வாரமே இன்ன விலைக்குக் கேட்டேன், குடுக்கலையே" என்பார். வியாபாரி கொஞ்சம் ஏற்றிக் கேட்பார். நாளைக்கு அவர் வீட்டுக்கு வியாபாரி வந்தால் நாம் போக வேண்டும். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. வாசலில் புதுச் செருப்பு கிடந்தால் போதும். கேட்ட விலையிலிருந்து பின்வாங்கவும் முடியாது. வியாபாரி, "அப்ப நீங்களே எடுத்துக்குங்க" என்று எழுந்துவிட்டால் எடுத்தே ஆக வேண்டும். அப்படி எடுத்த சேலை எங்கள் தெருவில் எல்லா வீட்டு பீரோவிலும் ஒன்றிரண்டு இருக்கும்.

சர்வேயர் பைக்கை நிறுத்திவிட்டு ஃபைலோடு காரைச் சுற்றி வந்தார். என் மனைவி காப்பி போட உள்ளே போனாள். எதிர்வீட்டுக்காரர் வந்தார். விசைத்தறி வைத்திருக்கிறவர். என்னை விட மூத்தவர். கை துடைத்துக்கொண்டே வந்து காரின் பின் பக்கம் தட்டினார்.

"தகரம் கேட்டீங்களா சத்தம்? இப்ப வர்ற வண்டியெல்லாம் பிளாஸ்டிக் டப்பா."

சர்வேயர் சிரித்தார்.

"இன்ஜின் தங்கம். நானே கேட்டேன் இவரை. குடுக்க மாட்டேன்னுட்டாரு" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அவர் கேட்கவே இல்லை.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் அம்மா கையில் சொம்போடு வந்து நின்றாள். "எங்க வீட்டுக்காரர் கூட சொல்லிகினே இருக்காரு, அக்கா குடுத்தா இந்த மாதிரி வண்டிதான் எடுக்கணும்னு" என்றாள். அவள் வீட்டுக்காரருக்கு சைக்கிளே ஆகாது.

சர்வேயர் பேனாவை எடுத்தார். "நீங்க எவ்ளோக்குக் கேட்டீங்க?"

"எழுபதுக்குக் கேட்டேன்" என்றார் எதிர்வீட்டுக்காரர். கண் கூட இமைக்கவில்லை.

"இந்த நிலைமையிலயா?"

"இந்த நிலைமையிலதான்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பார் எப்படி ஏற்றிவிட்டேன் என்கிற பார்வை. பேனாவை வாங்கி எழுதினார், கையெழுத்தும் போட்டார். சர்வேயர் அதை போனில் படம் எடுத்து அங்கேயே ஆபீசுக்கு அனுப்பினார்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் எனக்கு உதவி செய்துகொண்டிருந்தார். உதவி செய்கிறவரை வெளியாள் முன்னால் எப்படி நிறுத்துவது என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் பைக் போய்விட்டது.

அவள் காப்பியோடு வெளியே வந்தாள். "எங்க அவரு?"

"போயிட்டாரும்மா. எழுபதுக்கு ஏத்தி விட்டிருக்கேன்" என்றார் எதிர்வீட்டுக்காரர், தட்டிலிருந்து காப்பியை எடுத்துக்கொண்டு.

"எதை?"

"வண்டியை."

அவள் தட்டைத் தரையில் வைத்தாள். "அண்ணா, அவரு வாங்க வரலை. கழிக்க வந்தாரு. நீங்க ஏத்தறது அத்தனையும் எனக்கு வர்ற காசுல கொறையும்."

எதிர்வீட்டுக்காரர் காப்பியைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. சொம்பு அம்மா மெதுவாகத் தன் வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

"நீங்க பக்கத்துலதானே நின்னுகினு இருந்தீங்க?" என்றாள் என்னிடம்.

"நின்னுகினுதான் இருந்தேன்" என்றேன்.

அன்று சாயங்காலம் தெருவில் ஆலோசனை. என் மனைவி சர்வேயருக்கு போன் செய்து இன்னொரு முறை வரச் சொன்னாள். மறுநாள் போளூரில் ஒரு வேலை இருக்கிறது, திரும்பும்போது வருகிறேன் என்றார். இந்த முறை விலையை இறக்க வேண்டும். இதில் எங்கள் தெருவுக்குப் பழக்கமே இல்லை. பரம்பரை பரம்பரையாக ஏற்றித்தான் பழக்கம். எதிர்வீட்டுக்காரர் ஒத்திகை பார்த்தார்.

"இது ஒரு வண்டியா? பார்த்தா நல்லாத்தான் இருக்கும்..."

"நல்லா இருக்கும்னு ஏன் சொல்றீங்க?" என்றாள்.

"வாய் அப்படித்தாம்மா வருது."

நீ உள்ளேயே இரு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவளிடம் சொன்னோம். சரி என்றாள்.

மறுநாள் சர்வேயர் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் நேற்றுத் தட்டிய இடத்திலேயே தட்டினார்.

"துரு. உள்ளுக்குள்ள பூரா துரு."

"நேத்து தகரம் சத்தம் கேளுங்கன்னீங்க."

"நேத்து நான் மூக்குக்கண்ணாடி போடலை."

சொம்பு அம்மா, "புகை விடும் சார். துணி காய வெக்க முடியாது" என்றாள். சர்வேயர் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். வேலை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு படி மேலே போனார்.

"அது மட்டும் இல்ல சார். பொம்பளை ஓட்டின வண்டி. கிளட்ச்சு, கியர் எல்லாம் இந்நேரம் போயிருக்கும்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

அவள் வெளியே வந்தாள். கை ஈரம். "எது போயிருக்கும்?"

"இல்லம்மா, நான் வந்து, சும்மா..."

"எது போயிருக்கும்னு கேக்கறேன்."

நான் தலையை ஆட்டிப் பார்த்தேன், வேண்டாம் என்று. அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தாள். டிரைவர் பக்கக் கதவு பாதிதான் திறக்கும். அதற்குள் நுழைந்து, தொங்கிய கூரைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து, சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே எடுத்துக்கொண்டது. இரண்டு வாரமாக ஸ்டார்ட் பண்ணாமல் கிடந்த வண்டி. பானெட் மேல் கிடந்த புளிய இலையெல்லாம் ஆடியது.

முன் கண்ணாடி இல்லாத வண்டியை ஓட்டிக்கொண்டு தெருக் கோடி வரை போனாள். ஒரு வீட்டில் நெய்துகொண்டிருந்தவர்கள் தறியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தார்கள். அங்கிருந்து ரிவர்ஸிலேயே வந்தாள். இரண்டு பக்கமும் கோலம், தண்ணீர்க் குடம், ஒரு நாய். எதன் மேலும் படவில்லை. புறப்பட்ட இடத்திலேயே நிறுத்தி, இன்ஜினை அணைத்து, குனிந்து வெளியே வந்தாள்.

"கிளட்ச்சு எப்படி இருக்கு சார்?" என்று சர்வேயரைக் கேட்டாள்.

"நல்லா இருக்கும்மா" என்றார். ஃபைலை மூடிவிட்டார்.

சர்வேயர் அவளிடம் மெதுவாகச் சொன்னார். "நீங்க உள்ளேயே இருந்திருந்தா, இவரு நேத்து சொன்னது பேச்சுக்குச் சொன்னதுன்னு எழுதி, முப்பதுக்கே முடிச்சிருப்பேன். இப்ப நானே கண்ணால பார்த்துட்டேன். ஓடற வண்டியைக் காயலான் விலைக்கு எப்படி எழுதறது?"

"எழுத வேணாம். எவ்ளோ போவுமோ அவ்ளோ எழுதுங்க" என்றாள். "கொறைஞ்சா கொறையட்டும். போன வண்டின்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது."

எதிர்வீட்டுக்காரர் வேறு தாள் கேட்டார். எழுபதுக்குப் பதில் அறுபது என்று எழுதிக் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் குறைக்கலாமே என்று நான் ஜாடை காட்டினேன். "ஓடுதுப்பா. எப்படிக் கொறைக்கிறது?" என்றார்.

அறுபது கழிந்து மீதி பேங்கில் வந்தது. அந்தப் பாலிசி அதோடு முடிந்தது. காரை நிமிர்த்தி, இன்சூரன்ஸ் ஆள் ஒருவர் வந்து பார்த்து, புதுப் பாலிசி எடுத்த பிறகுதான் ரோட்டில் இறக்கலாம் என்று சர்வேயர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டிங்கர்காரர் பட்டறைக்குக் கொண்டு போனோம்.

முன் கண்ணாடியை எதிர்வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்றோம். "விலை கேட்டது நான். எதையாச்சும் எடுத்துத்தானே ஆவணும்?" என்றார். மறுபடி வேண்டாம் என்றோம். இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. வாங்கிக்கொண்டோம்.

அப்படியும் காசு பற்றவில்லை. டிங்கர்காரர் காரைச் சுற்றி வந்து கணக்குப் போட்டார். கூரையைத் தாங்குகிற தூணெல்லாம் நேராக்கி வெல்டு வைத்துவிடுவேன், கதவு, கண்ணாடி எல்லாம் ஒழுங்காக ஏறும், ஆனால் கூரையை முழுசாக மாற்றக் காசு வராது என்றார். "ஒரு பக்கம் நல்லா தூக்கிடலாம். இன்னொரு பக்கம் கொஞ்சம் கீழேதான் நிக்கும். எந்தப் பக்கம்?"

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"ஓட்டறவங்க பக்கம் தூக்குங்க" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு?"

"நான் சும்மாதானே வரேன்."

அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அது அபூர்வம்.

புதுப் பாலிசிக்காரர் வந்து பார்த்துப் படம் எடுத்துப் போனார். முழு இன்சூரன்ஸ்தான் எடுத்தோம். இந்த முறை காசை எண்ணிக் கொடுத்தது நான். அடுத்த பாவு தயாரானதும் சந்தவாசலுக்குக் கிளம்பினோம். வெள்ளை வண்டியில் கூரை மட்டும் சாம்பல் நிறம். பெயின்ட் பிறகு அடித்துக்கொள்ளலாம் என்றாள். தெரு முனையில் மூன்றாவது கியரை அவள் தினுசில் இழுத்து, விட்டு, தள்ளினாள். விழுந்தது. அவள் முகத்தில் ஒரு மாதிரி வெளிச்சம்.

என் பக்கம் கூரை நாலு விரல் கீழே. நேராக உட்கார்ந்தால் தலை இடிக்கும். கதவுப் பக்கம் சாயவும் இடமில்லை, அங்கே இன்னும் தாழ்வு. அவள் பக்கம்தான் சாய முடியும். சந்தவாசல் வரைக்கும் அப்படியே போனேன்.

பாவு வாங்க வெளியே வந்த நெசவுக்காரப் பெண் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "இன்னாக்கா, அண்ணன் புதுமாப்பிள்ளை மாதிரி சாஞ்சிகினு வராரு?"

"கூரை அப்படிம்மா" என்றாள் என் மனைவி.

இப்போது பெயின்டுக்குக் காசு சேர்ந்துவிட்டது. டிங்கர்காரரும் கேட்டார், அந்தப் பக்கத்தையும் தூக்கிவிடலாமா என்று. அவசரமில்லை என்று சொல்லியிருக்கிறேன்.